60×30 அடி குடோனில் அரிசி, பயறு, வற்றல், சோப்பு எல்லாம் ஒன்றாக: அட்டி (மூட்டைகளை அடுக்கிய குவியல்) எப்படிப் போடுவது?

டெல்டா_மளிகை (கேள்வி)

வணக்கம். கும்பகோணம் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். 60 அடி நீளம், 30 அடி அகலத்தில் ஒரு குடோன் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஓரத்தில் 14 அடி உயரம், சிமெண்ட் தரை, முன்பக்கம் 10 அடி ஷட்டர் ஒன்று மட்டும். பக்கச் சுவர்களில் மேலே சின்ன ஜன்னல்கள்.

சரக்கு: 26 கிலோ அரிசி சிப்பம், 50 கிலோ சர்க்கரை, துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, ரவை, மைதா, மிளகாய் வற்றல், மல்லி, புளி, வெல்லம், கல் உப்பு, 15 கிலோ எண்ணெய் டின், சோப்பு, சோப்புத்தூள் பெட்டிகள்.

இப்போது நடப்பது: சரக்கு வர வர இடம் கிடைத்த பக்கம் சுவரோடு ஒட்டி அடுக்குகிறார்கள். பழைய சரக்கு பின்னால் மாட்டிக்கொள்கிறது. பச்சைப்பயறு இரண்டு மாதத்தில் வண்டு பிடித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடி மூட்டை ஈரம் வாங்கிக் கட்டியாகிவிடுகிறது. அரிசியில் சோப்பு வாசனை வருவதாகக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு பத்து வகைச் சரக்கு எடுத்து வண்டியில் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது.

இடத்தை முழுசாகப் பயன்படுத்தி, அதே சமயம் இந்தத் தொல்லைகள் இல்லாமல் எப்படி அடுக்கலாம்? இரும்பு ரேக் போடுவது நல்லதா?

குத்தூசி

"இடத்தை முழுசாக" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். மூட்டைச் சரக்கு வைக்கும் குடோனில் காலியாக விட்ட இடம்தான் சரக்கைக் காப்பாற்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் சுவரோடு ஒட்டி அடுக்கியதால் வந்தவை.

உங்கள் அளவுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சுவரிலும் 2 அடி விடுங்கள். ஆள் உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்க்க அது போதும். மிச்சம் 56×26. நடுவில் நீளவாக்கில் 5 அடி பாதை. இரு பக்கமும் 10½ அடி அகலப் பட்டை கிடைக்கும். ஷட்டரை ஒட்டி முதல் 10 அடியை இறக்கவும் எடை போடவும் காலியாக விடுங்கள். மீதி 46 அடியில் பக்கத்துக்கு நான்கு அட்டி, இடையில் மூன்று சந்து, ஒவ்வொன்றும் 2½ அடி. ஆக எட்டு அட்டி, ஒவ்வொன்றும் சுமார் 10½×9½ அடி. 1800 சதுர அடியில் மூட்டை உட்காருவது 800 சதுர அடிதான். குறைவாகத் தோன்றும். ஆனால் நிரப்பிய 50 கிலோ சாக்கு ஒன்று ஏறக்குறைய 80×50 செ.மீ. இடம் பிடிக்கும், ஓர் அட்டியில் அடுக்குக்கு 23 மூட்டை, பத்து அடுக்குக்கு 230 மூட்டை, அதாவது பதினொன்றரை டன். எட்டு அட்டிக்கு 90 டன் வருகிறது. (மாடியில் குடோன் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சதுர மீட்டருக்கு 1.2 டன் ஏறுகிறது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கட்டிய தளம் இதில் பாதியைக்கூடத் தாங்காது.)

அட்டி எல்லைகளைத் தரையில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் சந்து மறைந்துவிடும். சுவரை ஒட்டிய தரையில் அரை அடிக்கு வெள்ளைப் பட்டை அடித்தால் எலிப்புழுக்கை, வண்டு, சிந்திய தானியம் எல்லாம் உடனே கண்ணில் படும்.

அடி மூட்டை ஈரம் பற்றி. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. தாளின் மேல் ஈரம் என்றால் காற்றிலிருந்து இறங்குகிறது. முதலாவதற்குத் தரைமேல் தடித்த பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் கட்டை. இரண்டாவதற்குக் கதவு, ஜன்னல் திறக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். வெயில் ஏறிய பிறகு திறந்து, நாலு மணிக்கெல்லாம் மூடுங்கள். மழை நாளில் திறக்கவே வேண்டாம். "காற்றோட்டம் நல்லது" என்று அடைமழையில் ஜன்னலைத் திறந்து வைப்பதால்தான் சர்க்கரை கசிகிறது. எப்படியானாலும் எல்லா அட்டிக்கும் அடியில் 4 முதல் 6 அங்குல உயரத்தில் மரக்கட்டைச் சட்டமோ பிளாஸ்டிக் பேலட்டோ (சரக்கு வைக்கும் தட்டு மேடை) கட்டாயம். 1200×1000 மி.மீ. பேலட்டில் 50 கிலோ சாக்கு சரியாக உட்காராது, ஓரம் தொங்கும். நான்கைந்து பேலட்டை ஒட்டிப் போட்டு ஒரே மேடையாக்கி, அதன் மேல் அட்டி போடுங்கள்.

பழைய சரக்கு பின்னால் மாட்டுவதற்கு ஒரே வழி: வேகமாகப் போகும் ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு இடம். ஒன்று எடுக்கும் அட்டி, இன்னொன்று சேர்க்கும் அட்டி. எடுக்கும் அட்டி தரைவரை காலியாகி, பெருக்கித் துடைத்த பிறகுதான் அந்த இடத்தில் புதுச் சரக்கு ஏற வேண்டும். பாதி அட்டியின் மேல் புது லோடை ஏற்றினால் அடியில் இருப்பது அங்கேயே கிடந்து உளுக்கும். ஒரு பெரிய அட்டியை நடுவில் 2 அடி விட்டு இரண்டாகப் பிரித்தும் இதைச் செய்யலாம்.

அட்டிக்கு ஓர் அட்டை தொங்கவிடுங்கள்: சரக்கு, வந்த தேதி, பார்ட்டி, வந்த மூட்டை, போனது, இருப்பு. அடுக்குக்கு இத்தனை என்று மாறாமல் வைத்தால் அடுக்கை எண்ணியே இருப்பைச் சொல்லிவிடலாம். பருப்புப் பாக்கெட், ரவை, மைதாவுக்கு வந்த தேதியைவிடக் காலாவதி தேதிதான் கணக்கு.

ரேக் மூட்டைக்கு வேண்டாம். சோப்பு, பெருங்காயம், மசாலா பாக்கெட் போன்ற பெட்டிச் சரக்குக்கு மட்டும் போடுங்கள்.

கார்த்திகைப்பட்டம்

மேலே சொன்னதோடு, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதையும் பார்க்கணும். கடந்த மூன்று மாதப் பில்லை எடுத்து எந்தச் சரக்கு எத்தனை தடவை வெளியே போனது என்று எண்ணுங்கள். எடையை எண்ண வேண்டாம், தடவையை எண்ணுங்கள். அதிகம் போகும் நான்கைந்து வகை (பெரும்பாலும் அரிசி, சர்க்கரை, துவரை, எண்ணெய்) ஷட்டர் பக்கத்து அட்டிகளில். உங்கள் இரண்டு மணி நேரம் குறைவது இதில்தான்.

வாசனை வாங்குபவை அரிசி, சர்க்கரை, ரவை, மைதா, டீத்தூள். வாசனை விடுபவை சோப்பு, சோப்புத்தூள், ஊதுபத்தி, கற்பூரம், பெருங்காயம், வற்றல், கருவாடு. இரண்டுக்கும் நடுவில் சந்து மட்டும் இருந்தால் போதாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பகல் சூட்டில் வாசனை எங்கும் பரவும். பின் மூலையில் செங்கல்லோ சிமெண்ட் பலகையோ வைத்து 10×10 அடி அறை ஒன்று தடுத்து, சோப்பு வகைகளை அதற்குள் தள்ளுங்கள். பழைய கடை அறை ஒன்று தனியாகக் காலியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஈரம் இழுப்பவை உப்பு, வெல்லம், புளி. உப்பு மழைக்காலத்தில் நீர்விடும். அந்த நீர் ஓடிய இடத்தில் தரையும் ஷட்டர் தகடும் அரிக்கும். கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்த தனி மேடை அதற்கு. வெல்லம் உருகி வழிந்தால் எறும்பு வரும், பக்கத்து அட்டிக்கும் ஏறும். எண்ணெய் டின்னை நான்கு உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஒட்டுப்பலகை. கசிவது கடைசியாகத்தான் தெரியும் என்பதால் பருப்பு அட்டிக்கு மேட்டுப்பக்கம் வைக்கக் கூடாது.

இப்போது வண்டு. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறில் வருவது பயறு வண்டு. பல நேரம் வயலிலேயே முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பயறின் தோலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. அது பொரிந்ததும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதத்துக்குள் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும், ஒரு பெண் வண்டு எண்பது நூறு முட்டை வைக்கும். இரண்டு மாதம் என்றால் இரண்டு தலைமுறை. அதனால்தான் "திடீரென்று பிடித்துவிட்டது" என்று தோன்றுகிறது. உடைத்த பருப்பில் இந்த வண்டுக்கு வேலை குறைவு. ஆகவே முழுப் பயறு மூன்று வாரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதிகம் வைத்தே ஆக வேண்டும் என்றால் சாக்குக்குள் காற்றுப் புகாத பல அடுக்கு உள்பை போட்டு வாயை முறுக்கிக் கட்டலாம். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து வண்டு பெருகாது. பயறு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எலி பையைக் கடித்துவிட்டால் பலன் போய்விடும்.

ரவை, மைதாவில் வருவது சிவப்பு மாவு வண்டும், நூலாம்படை போல் பின்னி மாவைக் கட்டியாக்கும் அந்துப்பூச்சியும். அரிசியில் மூக்கு நீண்ட அரிசி வண்டு. மல்லி, வற்றலில் இன்னொரு சின்னப் பழுப்பு வண்டு. வகை தெரிந்தால் எங்கிருந்து பரவுகிறது என்று தெரியும். மாவு வண்டு அரிசி அட்டியில் திரிந்தால் மூலம் அரிசியில் இல்லை, பக்கத்து ரவையிலோ கீழே சிந்திய தூளிலோ இருக்கிறது.

உள்ளே விடுவதற்கு முன் பாருங்கள். லோடில் பத்து மூட்டை வரை என்றால் எல்லாவற்றிலும், நூறு வரை பத்து மூட்டையில், அதற்கு மேல் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு (225 மூட்டைக்கு 15, 400க்கு 20) குத்தூசி (மூட்டையைக் குத்தித் தானியம் எடுக்கும் கருவி) போட்டு மாதிரி எடுங்கள். கதவோரத்து மூட்டையில் மட்டும் எடுக்கக் கூடாது, லாரியின் நடுவிலும் அடியிலும் எடுக்கணும். சல்லடையில் ஆட்டிப் பாருங்கள். ஈரமானியில் அரிசி 14, பயறு பருப்பு 12, வற்றல் 11 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அட்டி ஏற்றாதீர்கள். வற்றலில் மேல் மூட்டை மொறுமொறுப்பாக இருந்தும் நடு மூட்டையில் காம்பு வளைந்தால் அது தண்ணீர் தெளித்த சரக்கு; பூசணம் நிச்சயம்.

வற்றலும் புளியும் ஆறு மாதம் வைக்கணும் என்றால் குடோன் வேண்டாம், குளிர்பதனக் கிடங்கில் போடுங்கள். திரும்ப எடுத்து வரும்போது சாக்கை உடனே பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விடுங்கள். குளிர்ந்த வற்றல்மேல் வெளிக்காற்று பட்டால் வேர்த்துவிடும்.

சாக்குத்தையல்

குத்தூசி சொன்ன பத்து அடுக்கு சணல் சாக்குக்குச் சரி. அரிசிச் சிப்பம் பிளாஸ்டிக் நெசவு, அது வழுக்கும். அதே உயரத்துக்கு நேராக ஏற்றினால் சரியும். நடைபாதைப் பக்கம் சரிந்தால் ஆள் உயிருக்கே ஆபத்து.

சிப்பத்தை இரண்டு நெடுக்கு, மூன்று குறுக்கு என்று ஐந்தாகப் போடுங்கள். சிப்பம் 65×40 செ.மீ. இருந்தால் மூன்று அகலம் 120, இரண்டு நீளம் 130, கிட்டத்தட்டச் சமம். அடுத்த அடுக்கில் திசையைத் திருப்பிப் போடணும், அப்போதுதான் பூட்டிக்கொள்ளும். ஐந்தாம் அடுக்குக்கு மேல் ஒவ்வோர் அடுக்கையும் நாலு விரல் உள்ளே தள்ளி ஏற்றுங்கள். பன்னிரண்டு அடுக்கு போதும், ஆறடிக்குள் முடியும். மூட்டை வாய் எப்போதும் உள்பக்கம். தையல் பிரிந்தாலும் சரக்கு பாதையில் கொட்டாது. அட்டியிலிருந்து எடுக்கும்போது மேலிருந்து படி மாதிரி இறக்கணும். அவசரத்தில் முன்பக்கம் மட்டும் செங்குத்தாக உருவினால் மிச்சம் வந்து விழும்.

கொக்கி. சணல் சாக்கில் கொக்கி போட்டால் இழை விலகி மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் நெசவில் போட்டால் கிழிசல் கிழிசலாகவே நிற்கும், அந்த ஓட்டை வழியே சிந்துவதுதான் வண்டுக்கு முதல் சாப்பாடு. சிப்பத்துக்குக் கொக்கி வேண்டாம் என்று லோடுமேன்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குடோனில் ஒரு கோணி ஊசியும் நூலும், கிழிந்த மூட்டைக்கு மாற்றுச் சாக்கும் எப்போதும் இருக்கணும்.

பாதை 5 அடி என்றால் இரண்டு சக்கரச் சாக்குத் தள்ளுவண்டிக்குத் தாராளம். ஹைட்ராலிக் பேலட் வண்டி வாங்க நினைத்தால் 5 அடியில் திரும்பாது, 6½ அடியாவது வேண்டும், தரையும் வழவழப்பாக இருக்கணும். உங்கள் அளவுக்குத் தள்ளுவண்டி இரண்டே போதும் என்பது என் கருத்து. அந்த ஒன்றரை அடிக்கு இரண்டு பக்கமும் அட்டியைக் குறைக்க வேண்டியதில்லை.

பழைய சாக்கை அதே குடோனில் குவித்து வைக்காதீர்கள். காலிச் சாக்கு மூலைதான் வண்டுக்கு நிரந்தர வீடு.

டெல்டா_மளிகை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கோடு போடப் போகிறோம். இரண்டு கேள்வி. இப்போது வண்டு பிடித்த பச்சைப்பயறு 40 மூட்டை இருக்கிறது, அதை என்ன செய்வது? மூட்டை இடுக்கில் மாத்திரை வைத்தால் சரியாகிவிடும் என்று லோடுமேன் சொல்கிறார், வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். வைக்கலாமா?

கார்த்திகைப்பட்டம்

வைக்கக் கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலிருக்கும் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவாகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடைக்காரர் வாங்கிப் பயன்படுத்தச் சட்டமும் இடம் தரவில்லை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்தான் செய்யணும். உங்கள் குடோனில் ராத்திரி யாராவது படுக்கிறார்களா, சுவரை ஒட்டி வீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கே வைத்து எதுவும் செய்யாதீர்கள்.

இடுக்கில் வைப்பது பலனும் தராது. திறந்த குடோனில் வாயு சில மணி நேரத்தில் வெளியேறிவிடும், திரியும் வண்டு மட்டும் சாகும். பயறின் தோலில் இருக்கும் முட்டையும் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவும் தப்பித்து அடுத்த மாதம் வெளியே வரும். ஆள் வந்து செய்யும்போது மூன்று விஷயம் கவனியுங்கள்: அட்டியை வாயு புகாத உறையால் முழுக்க மூடி, தரையோடு சேரும் ஓரமெல்லாம் மணல் நிரப்பிய நீளப் பையால் அழுத்தணும், ஏழு நாள் மூடியிருக்கணும், மூன்று நாளில் பிரித்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பிரித்த பிறகு காற்றாட விட்டு, வாயு அளக்கும் கருவியால் பார்த்துவிட்டுத்தான் ஆள் உள்ளே போகணும். மின்னணுத் தராசையும் கம்ப்யூட்டரையும் வெளியே எடுத்துவிடுங்கள், அந்த வாயு செம்பை அரிக்கும்.

அந்த 40 மூட்டையை இன்றே பிரித்துத் தனி இடத்தில் வையுங்கள், அரிசி இருக்கும் கூரையின் கீழ் வேண்டாம். ஓட்டை விழுந்தது அதிகம் என்றால் விற்பனைக்கு ஆகாது. வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும் மூட்டைகள் கொஞ்சம் என்றால் வாயு இல்லாமலேயே சரிசெய்யலாம்: நல்ல வெயிலில் கறுப்புப் பாலித்தீன் விரித்து, பயறை ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி ஓரங்களில் கல் வைத்து, நாலைந்து மணி நேரம் விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் முட்டையும் புழுவும் சாகும். பிறகு சலித்து, ஆறவிட்டு, புதுச் சாக்கில் கட்டுங்கள். சூடாகவே கட்டினால் வேர்க்கும். விதைக்கு விற்பதாக இருந்தால் முதலில் ஒரு கைப்பிடியை இப்படிக் காயவைத்து முளைப்புப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் செய்யுங்கள்.

காலியான குடோனுக்கு: மூலை, தரை வெடிப்பு, ஷட்டர் தடம் எல்லாம் பெருக்கி, வெடிப்பைச் சிமெண்டால் அடைத்த பிறகு சுவருக்கும் தரைக்கும் மாலத்தியான் 50 ஈசி (தண்ணீரில் கலக்கும் திரவப் பூச்சிமருந்து), ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர், 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல். உங்கள் சுவரும் தரையும் சேர்த்து 400 சதுர மீட்டர் வரும், 12 லிட்டர் ஆகும். இதையும் அந்த ஆட்களையே செய்யச் சொல்லுங்கள்; சரக்கின் மேல் படக் கூடாது. சுண்ணாம்பு அடித்த சுவரில் மருந்து சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

குத்தூசி

ஒன்று விட்டுப்போனது. கூரைத் தகடுகளைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட் (வளைந்த கொக்கி போல்ட்) வாஷர்களை ஆடி மாதத்திலேயே பார்த்து மாற்றிவிடுங்கள். ஐப்பசியில் ஒழுகும்போது சரக்கு நிறைந்திருக்கும், கூரைக்கு ஏணி வைக்க இடம் இருக்காது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே சுண்டுவிரல் போகும் இடைவெளி இருந்தாலும் சுண்டெலி வந்துவிடும், அடியில் ரப்பர் பட்டை போட்டுவிடுங்கள்.